கத்தாரிலிருந்து வந்த பெல்ட்டை நம்பி மரம் ஏறலாமா?

சோழவந்தான் பக்கமிருந்து வாசகர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். வயது 31. தாத்தா காலத்திலிருந்து தென்னை ஏறும் குடும்பம். இவரும் பதினெட்டு வயதிலிருந்து தளைக்கயிறும் அரிவாளுமாக ஏறி வருகிறார். இரண்டு வருடமாக மதுரைக்குள் வேறொரு வேலையும் வருகிறது: வீட்டுக்கூரை மேல் சாய்ந்த வேம்பு, வாகை, தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளை வெட்டி இறக்குவது. கூலி நன்றாக இருக்கிறது. கூட மச்சானும் இன்னொரு பையனும் வருகிறார்கள்.

போன ஆடிக் காற்றில், வாகை மரம் ஒன்றில் நின்ற கிளை காலுக்குக் கீழே முறிந்திருக்கிறது. மேல் கிளையைப் பிடித்துத் தொங்கித் தப்பித்திருக்கிறார். விஷயம் வீட்டுக்குத் தெரிந்துபோனது. "ஒழுங்கா சாமான் வாங்கிட்டு ஏறு, இல்லைன்னா தென்னையோட நிறுத்திக்க" என்று மனைவி சொல்லிவிட்டார். இப்போது சீட்டுப் பணம் 20,000 ரூபாய் கையில் இருக்கிறது. ஆன்லைனில் 1,900 ரூபாய்க்குப் பார்த்த முழு உடல் பெல்ட்டை வாங்கலாமா? கத்தாரிலிருந்து திரும்பிய நண்பர் தன் பெல்ட், கயிறு, கொக்கி எல்லாவற்றையும் சும்மா தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? ஹார்டுவேர் கடையில் விற்கும் 16 மில்லிமீட்டர் நைலான் கயிறு "லாரியையே இழுக்குமாம்", அது போதாதா? யூடியூபில் பார்த்த கால் முள் செருப்பு, தென்னை ஏறும் மிஷின் இரண்டும் தேவையா? வாங்கியதை எப்படிப் பராமரிப்பது? இவைதான் கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "பெல்ட் போட்டா பயம் போயிடும்ல சார்?"

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். செல்போன் டவரிலும் காற்றாலையிலும் மரத்திலும் ஏறுபவர்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் பயிற்சி கொடுத்திருக்கிறேன். புதிதாக பெல்ட் மாட்டியவனைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நேற்றுவரை கிளையைத் தட்டிப் பார்த்துக் கால் வைத்தவன், இன்றைக்குப் பெல்ட் இருக்கிறதே என்று பார்க்காமல் வைப்பான். பெல்ட் மட்டும் தனியாக உங்களைத் தாங்காது. பெல்ட், கொக்கி, கயிறு, கயிறு போட்ட கவட்டை என்று நாலும் ஒரே சங்கிலி. எது இளைத்ததோ அதுதான் அன்றைக்கு உங்கள் பலம்.

பெல்ட்: யாருக்குச் செய்ததோ அவருக்கு

அந்த 1,900 ரூபாய் பெல்ட்டை மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. அதில் ஐஎஸ் 3521 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருந்தால் கட்டட வேலைக்கு நல்ல பொருளாகவே இருக்கலாம். ஆனால் அது சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்காகச் செய்தது. கொக்கி மாட்டும் வளையம் முதுகில் இருக்கும். ஆள் விழுவார், பட்டையில் மடித்துத் தைத்திருக்கும் அதிர்ச்சி தாங்கி பிரிந்து நீளும், வேகம் குறைந்து நிற்பார். இதற்கு மேலே மாட்டிய இடத்திலிருந்து கீழே சுமார் ஆறு மீட்டர் வெற்றிடம் வேண்டும். வேப்ப மரத்துக்குள் ஆறு மீட்டர் வெற்றிடம் எங்கே இருக்கிறது? இரண்டு மீட்டரில் அடுத்த கிளை முதுகில் அடிக்கும். அதோடு, முதுகில் மாட்டிய கயிற்றில் உட்கார்ந்து வேலையும் செய்ய முடியாது.

மரத்துக்கு வேண்டியது உட்காரும் வகை பெல்ட். இடுப்பிலும் இரண்டு தொடையிலும் அகலமான மெத்தைப் பட்டை, இரண்டு இடுப்புப் பக்கமும் ஒவ்வொரு வளையம், தொப்புளுக்கு நேரே முன்பக்கம் ஒரு வளையம். முன் வளையத்தில் ஏறும் கயிறு. பக்க வளையங்களில் மரத்தைச் சுற்றிப் போடும் குட்டைக் கயிறு. கயிறு எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே இருப்பதால், கால் வழுக்கினாலும் ஒரு சாண் இறங்கி ஊசலாடுவீர்கள், அவ்வளவுதான். விழுந்தவனைப் பிடிப்பது கொத்தனார் பெல்ட்டின் வேலை, விழவே விடாமல் வைத்திருப்பது மர பெல்ட்டின் வேலை. இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. கயிறு உங்கள் தலைக்கு மேலே மாட்டியிருக்க வேண்டும். மாட்டிய இடத்தைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் நல்ல பெல்ட்டும் கைவிடும்.

இப்போது நீங்கள் இடுப்பில் மட்டும் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறீர்களே, அதைக் கிளை வேலைக்கு இன்றே நிறுத்துங்கள். ஒரு மீட்டர் விழுந்து நீளாத கயிற்றில் நின்றாலே, உடம்பில் இறங்கும் விசை 600 கிலோவுக்கும் மேலே போகலாம். அதை ஒற்றை இடுப்புக் கட்டு வாங்கினால் விலாவும் வயிற்றுக்குள் இருப்பவையும் நசுங்கும். அப்படியே தொங்கினால் மூச்சும் திணறும்.

"லாரியை இழுக்கும்" கயிறு

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. புதுக் கயிறு லாரியை இழுக்கும்தான். கடையில் நைலான் என்று கொடுப்பதில் பல, பாலிபுரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக் நார். மஞ்சள், நீலம், பச்சை என்று பளபளக்கும், தண்ணீரில் மிதக்கும். நம்ம ஊர் வெயிலில் சில மாதத்திலேயே வெளிநார் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். 165 டிகிரி சூட்டில் உருகும். வேகமாக இறங்கும்போது முடிச்சு உரசும் இடத்தில் எவ்வளவு சூடேறும் என்று உங்கள் உள்ளங்கைக்கே தெரியும். அப்புறம், முறுக்குக் கயிறு பாரம் ஏறினால் சுழலும். நீங்களும் கூடவே சுழல்வீர்கள், கையில் ரம்பத்தோடு. முறுக்கில் வெட்டு விழுந்தால் பாரம் தாங்கும் நாரே நேரடியாக அறுகிறது.

ஏறுவதற்கென்று செய்த கயிற்றில் உள்ளே ஒரு கரு, வெளியே பின்னிய உறை. வாங்கும்போது இஎன் 1891 என்ற ஐரோப்பியத் தர எண், ஏ வகை என்று லேபிளில் பாருங்கள். 11 முதல் 13 மில்லிமீட்டர் கனம் போதும். அந்தத் தரத்தில் குறைந்தபட்ச அறுபலம் 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ. எழுபது கிலோ ஆளுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். முடிச்சுப் போட்டாலே மூன்றில் ஒரு பங்கு பலம் போகும், சில முடிச்சில் பாதிகூடப் போகும். நைலான் நனைந்தால் இன்னும் கொஞ்சம். பட்டை உரசல், வேப்பம் பிசின், வெயில் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் நீங்கள் தொங்குகிறீர்கள். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம் வாங்குங்கள். மேலே கவட்டையைச் சுற்றித் திரும்பி வரவேண்டும் அல்லவா? கயிற்றின் கடைசி முனையில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கட்டும். தரைக்கு எட்டாத கயிற்றில் இறங்கி, முனை கைநழுவி விழுந்தவர்கள் உண்டு.

கயிற்றை விடுங்கள், உங்கள் திருப்பாச்சேத்தி அரிவாளைப் பற்றி ஒரு வார்த்தை. பாரம் ஏறி விறைத்திருக்கும் கயிற்றை அரிவாள் வெட்டக்கூட வேண்டாம், பட்டாலே போதும். மரத்துக்குள் கைரம்பம்தான் சரி. அதற்கும் உறை வேண்டும். ரம்பமோ மிஷின் ரம்பமோ கையில் எடுக்கும்போது ஏறும் கயிறு ஒன்று, குட்டைக் கயிறு ஒன்று என்று இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். உள்ளே இரும்புக் கம்பி வைத்த குட்டைக் கயிறு கிடைக்கிறது. ரம்பம் தவறிப் பட்டால் அது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், மிஷின் ரம்பத்துக்கு முன்னால் அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. கரண்டுக் கம்பி அருகே இருக்கும் மரத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது.

கத்தார் செட்

உங்கள் நண்பர் மனசு பெரியது. ஆனாலும் அவர் தருவதில் துணியால், நாரால் ஆனது எதையும் ஏறுவதற்கு எடுக்காதீர்கள். அந்த பெல்ட் எத்தனை வருடம் பாலைவன வெயிலில் கிடந்தது, அதில் யாராவது ஒருமுறை விழுந்தார்களா, கண்டெய்னரில் பேட்டரியோடு சேர்ந்து வந்ததா, அவருக்கே தெரியாது. விழுதலைத் தாங்கிய பெல்ட் வெளியே புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே நார் இழுபட்டிருக்கும். அதிர்ச்சி தாங்கியின் தையல் ஒரே ஒருமுறை பிரிவதற்காகத் தைத்தது. லேபிளில் தயாரித்த வருடம் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள், பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் துணிச் சாமானுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயுள் கொடுப்பதில்லை. தினமும் வேலை செய்யும் பொருள் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

இரும்பு, அலுமினியக் கொக்கிகள் வேறு கணக்கு. வெடிப்பு, தேய்மானம், துரு, கோணல் எதுவும் இல்லாமல், வாய் தானாக மூடிப் பூட்டிக்கொண்டால் கேரபைனர் என்னும் அந்தக் கொக்கியை எடுத்துக்கொள்ளலாம். மரத்துக்குத் தூக்கி, திருகி, தள்ளித் திறக்கும் மூன்று அசைவுப் பூட்டுள்ளதாகப் பாருங்கள். திருகு மட்டும் உள்ளது பட்டையில் உரசி உரசித் தானே திறந்துகொள்ளும். லாரி தார்ப்பாய் கட்டும் கொக்கி வேண்டவே வேண்டாம்.

பல வருடம் முன்பு அழகர்கோவில் சாலையில் ஒரு தோப்பில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கேரபைனரை மாட்டிவிட்டு, பேசிக்கொண்டே சாயப்போனேன். "சார், க்ளிக் சத்தம் வரலியே" என்றான் கீழே நின்ற பையன். பார்த்தால், தீக்குச்சி நீளம்கூட இல்லாத ஒரு வேப்பங்குச்சி, கொக்கியின் வாய்க்குள் படுத்திருக்கிறது. வாய் முக்கால்வாசிதான் மூடியிருந்தது. வாய் திறந்த கொக்கி, மூடிய கொக்கி தாங்குவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும். அன்றிலிருந்து மாட்டியதும் காதால் கேட்பேன், கண்ணால் பார்ப்பேன், விரலால் அழுத்துவேன். அதன் பிறகுதான் சாய்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தென்னை, மிஷின், கால் முள்

தென்னையில் மேலே கயிறு போட கவட்டை கிடையாது. அதனால் தண்டைச் சுற்றிப் போடும் குட்டைக் கயிறு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மட்டைக்குள் புகும் இடத்தில் ஒன்றைக் கழற்றும்போது மற்றது தண்டில் இருக்கும். உங்கள் தளைக்கயிற்றை நான் குறை சொல்ல மாட்டேன், அதில் உங்கள் கால் எனக்கே பாடம் நடத்தும். அது ஏறுவதற்கான கருவி. கொண்டையில் உட்கார்ந்து காய் வெட்டும்போது அது உங்களைப் பிடித்துக்கொள்ளாது, அதுதான் குறை.

மிஷின் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் செம்பேரி மாடல். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி உருவாக்கியது. "பரம்பரை ஏறியான எனக்கு மிஷினா" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறிய கால் நாற்பது வயதில் என்ன ஆகிறது என்று உங்கள் அப்பாவின் முட்டியைக் கேளுங்கள். நேரான மரத்துக்கு மிஷின் நல்லது. வளைந்த மரத்திலும் மழை நனைத்த தண்டிலும் உங்கள் முறைதான் தோது. வாங்கினால் தண்டைச் சுற்றும் இரும்புக் கயிற்றை வாரம் ஒருமுறை பழைய துணியால் உருவிப் பாருங்கள். துணியின் நூல் எங்காவது மாட்டினால் ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம், கயிற்றை மாற்றுங்கள். ரப்பர் தேய்ந்தாலும் மாற்றுங்கள். மிஷினில் ஏறினாலும் பெல்ட்டும் குட்டைக் கயிறும் தனியாக வேண்டும்.

கால் முள்ளுக்குக் காசு போடாதீர்கள். அடியோடு வெட்டப்போகும் மரத்துக்குத்தான் அது. உயிருள்ள வேம்பில் குத்தினால் காயம் மூட வருடங்கள் ஆகும். தென்னைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. தண்டில் பட்ட காயம் கடைசிவரை அப்படியே கிடக்கும், அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். தோப்புக்காரர் உங்களை மறுபடி கூப்பிட மாட்டார்.

பராமரிப்பு

ஒவ்வொரு நாளும் ஏறுமுன் கயிறு முழுவதையும் கையுறை இல்லாமல் விரலிடுக்கில் உருவுங்கள். ஒரு முழத்துக்கு ஒருமுறை வளைத்துப் பாருங்கள். வளைவு எங்கும் ஒரே உருண்டையாக வரவேண்டும். ஓரிடத்தில் சப்பையாக மடிந்தாலோ, உள்ளே கல் போலத் தட்டுப்பட்டாலோ, உறை மட்டும் வழுகினாலோ, உருகிக் கண்ணாடி போல மினுங்கினாலோ அந்தக் கயிறு முடிந்தது. முனைப் பக்கம் மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டிவிட்டு மீதியைச் சின்ன மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டில் முதலில் தையலைப் பாருங்கள். வேறு நிறத்தில் தைத்திருப்பதே அறுந்தால் தெரிவதற்காகத்தான். பிறகு பக்கிள் உரசும் இடம், முன் வளையம் உட்காரும் இடம்.

பிசினும் வியர்வையும் ஏறினால் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் குளியல் சோப்பு கரைத்து அலசி, நிழலில் காயப்போடுங்கள். வாஷிங் மிஷின் பவுடர், பிளீச்சிங், வெந்நீர், துவைக்கிற கல் எதுவும் வேண்டாம். மொட்டைமாடி வெயிலும் வேண்டாம். பேட்டரி ஆசிட்தான் பெரிய எதிரி. அதன் ஆவி பட்டாலே நைலான் கெடும், கண்ணுக்கும் தெரியாது. எனவே டிவிஎஸ் வண்டியில் பேட்டரி மேலே சுருட்டி வைப்பது, உர மூட்டையோடும் பூச்சி மருந்தோடும் கொட்டகையில் போடுவது இரண்டும் கூடாது. தனி துணிப் பை, வீட்டுக்குள் ஒரு ஆணி. எலி கடிக்காத உயரமாகப் பாருங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். வாங்கிய தேதி, லேபிள் எண், முதல் நாள் ஏறிய தேதி, எப்போது விழுந்தது, எப்போது அலசியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்த இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் சாமானில் நம் கண்ணுக்குக் குறை தெரியாது. தள்ளிய கயிற்றை ஆள் நீளத் துண்டுகளாக வெட்டி விடுங்கள். முழுசாக வைத்தால் மச்சான் அவசரத்துக்கு எடுத்து மாட்டுவார், நான் பார்த்திருக்கிறேன்.

20,000 ரூபாய் போதுமா?

முழு செட்டுக்குப் பெரும்பாலும் பத்தாது, உள்ளதைச் சொல்கிறேன். முதலில் தாடைப்பட்டை உள்ள மூன்று ஹெல்மெட், அதில் இரண்டு கீழே நிற்பவர்களுக்கு. பைக் ஹெல்மெட்டில் மேலே பார்க்கவும் முடியாது, கூப்பிட்டால் கேட்கவும் செய்யாது. அடுத்து பெல்ட், ஏறும் கயிறு, மூன்று கேரபைனர், பிரசிக் முடிச்சுக்கான (ஏறும் கயிற்றைச் சுற்றிப் போட்டு, பாரம் ஏறினால் இறுகிப் பிடிக்கும் முடிச்சு) சிறு கயிறு, குட்டைக் கயிறு இரண்டு. மிஷின் ரம்பம் கடைசியில்தான். செட் நிறையும்வரை தென்னையோடு நின்றுகொள்ளுங்கள். பாதி செட்டோடு கிளை வேலைக்குப் போக வேண்டாம்.

இன்னொரு செலவு மிகச் சின்னது. வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்தான். விபத்தில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். உங்கள் வயதுக்குத் தாராளமாகச் சேரலாம், மச்சானையும் பையனையும் சேர்த்துவிடுங்கள். தென்னை ஏறிகளுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு தனியாக இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டும். 2011-இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியைப் பற்றியும் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் விசாரியுங்கள். ஒன்று கவனம்: கேரா சுரக்ஷா தென்னைக்கானது. மதுரை அண்ணாநகரில் வாகை வெட்டும்போது விழுந்தால் அதைக் காட்டிப் பணம் கேட்க முடியுமா என்று சேரும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். மேலும், கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு அடிபட்டால் இழப்பீடு கேள்வி உங்கள் வாசலுக்கும் வரலாம். ஒருமுறை வக்கீலைப் பாருங்கள்.

கரண்டுக் கம்பி தொடும் மரமென்றால், மின்வாரியம் லைனை நிறுத்தி, ஆள் வந்து நின்றால்தான் ஏறவேண்டும். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் கரண்டைக் கடத்தும். "ரெண்டே கிளைதானே" என்று வீட்டுக்காரர் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

உங்கள் மனைவி கேட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "மேல மயங்கிட்டா யாரு இறக்குவா?" உங்கள் எல்லாக் கேள்வியையும்விட அது நல்ல கேள்வி. பெல்ட்டில் அசைவில்லாமல் தொங்குபவருக்குத் தொடைப்பட்டை இறுகி, ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. அதனால் மச்சானும் ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும், அவருக்கும் ஒரு பெல்ட், மரத்தடியில் தனியாக ஒரு கயிறு. இறக்கிய பிறகு கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே காலை முடக்கிவிடும். 108-ஐக் கூப்பிட்டு, பலகையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சாமான் வந்ததும் நேரே வேலைக்குக் கிளம்பாதீர்கள். உங்கள் வீட்டுப் பின்னால் ஒரு வேம்பு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பத்து நாள் தொங்கிப் பழகுங்கள். கடைசி நாள் கண்ணை மூடிச் சும்மா தொங்குங்கள், மச்சான் ஏறி உங்களை இறக்கட்டும். மனைவியிடம் செல்போனைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.